கட்டைக் குரலுக்கு ஒரு பாட்டு

...இரண்டே கிடார் கார்ட் போதும் என்றுதான் போட்டிருக்கிறது, ஜி, அப்புறம் டி, மறுபடியும் ஜி, விரலை இங்கிருந்து எடுத்து அங்கே வைக்கத் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் பாடிவிடலாமாம், யார் வேண்டுமானாலும் என்றால் அதில் நானும் சேர்த்தியா, என்று கைபேசித் திரையைப் பார்த்து வாய்விட்டே கேட்டுவிட்டாள், கேட்ட குரல் எதிலும் பட்டுத் திரும்பாமல் அப்படியே காணாமல் போனது, இந்த அறையில் எல்லாக் குரலுக்கும் அதே கதிதான், நாலு சுவரிலும் கூரையிலும் கதவின் உட்புறத்திலும் கனத்த சாம்பல் நிற நுரைப்பஞ்சு, காதுக்கருவி விற்கும் கடையின் பரிசோதனை அறை, வருகிறவர்களை இந்த நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் ஒவ்வொரு ஒலியாக அனுப்புவது அவள் வேலை, கேட்டால் அழுத்துங்க, கேட்கலைன்னா சும்மா இருங்க, அவ்வளவுதான், பரிசோதனைக்கு வரும் குழந்தைகள் அவளுக்கு வைத்த பெயர் பீப் அக்கா, ஐம்பதைத் தாண்டியவளை அக்கா என்று கூப்பிடும் பெருந்தன்மை குழந்தைகளுக்குத்தான் வரும்... இப்போது மதியச் சாப்பாட்டு நேரம், கடையில் ஆள் இல்லை, டிபன் பாக்ஸ் இன்னும் திறக்கப்படவில்லை, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் அவளே உட்கார்ந்திருக்கிறாள், மடியில் கிடார், மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது அலமாரிக்குப் பின்னால் விட்டுப்போனது, ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு எண்பதாவது பிறந்தநாள், அதற்குள் ஒரு பாட்டு வேண்டும், ஒரே ஒரு பாட்டு, சுலபமானது, மானத்தை வாங்காதது.

இரண்டு கார்ட் பாட்டு ரயிலைப் பற்றியது, ரயில் வருது ரயில் வருது என்பதைத் தவிர அதில் வேறு செய்தி எதுவும் இல்லை, அப்பாவின் முன்னால் நின்று இதைப் பாடினால் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், வேண்டாம், அடுத்தது ஒரு தாலாட்டு, மூன்று கார்ட், மெதுவாகப் போகும், தொடக்கக்காரர்களுக்கு உகந்தது என்று பக்கத்தில் ஐந்து நட்சத்திரம், ஆனால் எண்பது வயதுக்காரரைக் கண்ணை மூடித் தூங்கச் சொல்லிப் பாடினால் சொந்தக்காரர்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள், அத்தை அங்கேயே அழ ஆரம்பித்துவிடும், அதுவும் வேண்டாம், அதற்கடுத்தது துடுப்புப் பாட்டு... இதைப் பார்த்ததும் விரல் திரையில் கொஞ்சம் நின்றது, சின்ன வயதில் ரேடியோவில் அடிக்கடி வரும், படகோட்டுகிற ஒருத்தி ஒருவனை அக்கரையில் இறக்கிவிட்டு, அவன் திரும்பிப் பார்க்கிறானா என்றுகூடப் பார்க்காமல் படகைத் திருப்பிக்கொண்டு வருவாள், கரை ரெண்டும் நீயே எடுத்துக்கோ, துடுப்பு மட்டும் எனக்கு என்று, அழவே மாட்டாள், கோபம்தான், அந்தக் கோபத்துக்காகவே சமையலறை வேலையை விட்டுவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள் இவள், ஆனால் நட்சத்திரம் இரண்டுதான் போட்டிருக்கிறது, எஃப் வருகிறதாம், எஃப் என்றால் ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் ஒன்றாக அமுக்க வேண்டும், இத்தனை நாளில் அது ஒரு தடவைகூட ஒழுங்காக விழுந்ததில்லை, டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி இரைகிறது, பிறந்தநாளன்று போய் எதற்கு வண்டு, மேலே தள்ளினாள், மழைப் பாட்டு, மூன்று கார்ட், எஃப் கிடையாது, யாருக்கும் மழையின் மேல் புகார் இருக்காது, இதுதான், இதுவே இருக்கட்டும்.

மழைப் பாட்டு இருக்கிற சுருதியில் அவளுக்கு எட்டாது, முதல் வரியிலேயே தொண்டை ஏணி வைத்து ஏறவேண்டும், எட்டாது என்பது அவளுக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும், அண்ணன் தெரியவைத்தான், இன்றைக்கு ஊரே மதிக்கிற பாட்டு வாத்தியார், அன்றைக்கு மீசை முளைத்துக்கொண்டிருந்த கல்லூரிக்காரன், பள்ளி ஆண்டுவிழாவுக்குத் தெருவிலிருந்த பெண் பிள்ளைகளையெல்லாம் கூட்டிக் குழுப்பாட்டுக்குப் பழக்கினான், எல்லாரும் பாடப் பாட ஒவ்வொருத்தியின் வாய்ப்பக்கமும் காதைக் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டே வந்தான், இவள் முன்னால் வந்ததும் முகம் சுருங்கியது, புளித்ததை வாயில் வைத்த முகம், அந்த முகத்தை இன்றைக்குக் கேட்டாலும் வரைந்து காட்டுவாள், நீ பாடாத, வாயை மட்டும் அசை, யாருக்கும் தெரியாது, என்றான், திட்டவில்லை, கத்தவில்லை, தலையில் தட்டிக்கூடக் கொடுத்தான், கட்டைத் தொண்டைம்மா உனக்கு, என்ன பண்றது, என்று... யாருக்கும் தெரியாது என்பதுதான் எரிந்தது, பாடாதே என்றதைவிட அதுதான், நீ பாடினாலும் பாடாவிட்டாலும் வித்தியாசம் யாருக்கும் தெரியாது, அப்படித்தானே அர்த்தம், வேறென்ன அர்த்தம், அன்றைக்கு எடுத்த படம் இன்னும் அவன் பாட்டு வகுப்பு நடத்தும் கூடத்தில் தொங்குகிறது, படத்தில் இருப்பவர்களில் இவள் வாய்தான் பெரிதாகத் திறந்திருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் இவளைக் காட்டி, இந்தப் பொண்ணு என்ன ஆசையாப் பாடுது பாருங்க, என்பார்களாம், அண்ணன் அதை நல்ல ஜோக்காக ஒவ்வொரு விருந்திலும் சொல்வான், எல்லாரும் சிரிப்பார்கள், அவளும்தான் சிரித்திருக்கிறாள், ஏன் சிரித்தாள், கேட்டுப் பார், ஏன் சிரித்தாய், பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருக்க வேண்டாமா... அதற்கப்புறம் பள்ளியில் வாயசைப்பு, கல்யாண வீடுகளில் வாயசைப்பு, மகளைத் தூங்கவைக்கும்போதுகூடப் பாடியதில்லை, முதுகில் தட்டிக்கொடுத்தே வளர்த்தாள், அதனால்தானோ என்னவோ அந்தப் பெண் கிடார் வாங்கி வந்த அன்றைக்குக் கம்பியைத் தொடாமல் முதலில் அதன் வயிற்றில் தாளம் தட்டினாள்.

பாட்டு எட்டாது, சரி, எட்டாவிட்டால் என்ன, இந்தப் பக்கத்தின் மூலையில் இரண்டு பொத்தான் இருக்கிறதே, ஒன்றில் கூட்டல், ஒன்றில் கழித்தல், கழித்தலை அழுத்தினால் கார்டெல்லாம் மாறிக்கொண்டு பாட்டு மொத்தமும் ஒரு படி கீழே இறங்குகிறது, அண்ணன் பாஷையில் சொன்னால் கட்டை குறைகிறது, முதன்முதலில் தெரியாமல் கை பட்டுத்தான் அழுந்தியது, பிறகு வேண்டுமென்றே அழுத்தினாள், அழுத்த அழுத்தப் பாட்டு மாடிப்படி இறங்கி வருகிற மாதிரி இறங்கி வந்து, அவள் பேசும் குரல் எங்கே இருக்கிறதோ அங்கே வந்து நின்றது, எதிரில், மூச்சுப்படும் தூரத்தில், அட பாவிகளா, இது இறங்கும் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே, எவன் சொன்னான் பாட்டு அங்கேதான் இருக்கணும், நான்தான் ஏறி வரணும் என்று... அந்த வெறியில் இன்னொன்றும் செய்து பார்த்தாள், பரிசோதனைக் கருவியில் ஐந்நூறு ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பிவிட்டு அதோடு சேர்ந்து ஆ என்று நீட்டினாள், கைபேசியில் சுருதி காட்டும் முள்ளைப் பார்த்தாள், குரல் இருநூற்றைம்பதில் போய் நின்றது, மறுபடி, மறுபடியும் அங்கேயேதான், ஐந்நூறில் சரிபாதி, அதே சுரம், ஒரு மாடி கீழே, தப்பில்லை, விலகவில்லை, மற்ற பெண்களெல்லாம் மேல்மாடியில் நின்றபோது இவள் கீழ்த்தளத்தில் அதே ஜன்னலுக்கு நேர் கீழே நின்றிருக்கிறாள், அவ்வளவுதான் விஷயம், மீசை முளைக்கிற பையனுக்கு அது தெரியவில்லை, சரி, அவனுக்குத் தெரியாது, மீசை நரைத்த பிறகுமா தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அந்த ஜோக்கை விட மனசில்லையா, நல்ல ஜோக்குதான், படத்தோடு வருகிற ஜோக்கு.

இ மைனர் பிடித்தாள், இரண்டு விரல், இது ஒன்றுதான் எப்போதும் கைவிடாது, பிறகு ஜி, சுண்டுவிரல் கம்பியைத் தேடிக்கொண்டு போகிறது, கிடைத்தது, பிறகு டி... மழை வரும் முன்னே மண்வாசம் வரும் என்கிற மாதிரி என்னவோ ஒரு வரி, வாய் தானாக அசைகிறது, அவளுக்கு எல்லாப் பாட்டும் வாய் அசைவாகத்தான் தெரியும், எந்த வார்த்தைக்கு உதடு குவியும், எதற்கு விரியும் என்பது மனப்பாடம், சத்தத்தைத்தான் இப்போது புதிதாக உள்ளே வைக்க வேண்டியிருக்கிறது, காலிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி, அப்பாவுக்கு இது கேட்கும், நிச்சயம் கேட்கும், அவருடைய செவித்திறன் வரைபடம் அவளுக்குத் தன் கைரேகையைவிட நன்றாகத் தெரியும், இடதுபக்கம் மேலே இருந்து வலதுபக்கம் போகப் போகச் சறுக்குமரம் மாதிரி சரிந்துவிடும், மேல் ஒலியெல்லாம் போய்விட்டது, கீழ் ஒலி இருக்கிறது, போன மாதம் காதுக்கருவியைச் சரிபார்க்க வந்த அப்பா இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார், "உங்க அண்ணன்கிட்ட படிக்கிற பசங்க பாடும்போது எனக்கு வாய் அசையறதுதாம்மா தெரியுது, சத்தம் மேல எங்கயோ போயிடுது, பாவம், அவன் மனசு நோகக் கூடாதேன்னு கை தட்டிடுவேன்," அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே ஓடி, குழாயடியில் நின்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள், எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறார்களாம், எல்லாரும்... திரும்பி வந்தபோது அப்பா, "உன் பேச்சு மட்டும் எனக்குக் கணீர்னு விழுது," என்றார், அன்றைக்குத்தான் இந்த எண்ணம் விழுந்தது, அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு பாட்டு, கீழ்ச்சுருதியில், பெற்ற பெண் பாடக் கூடாதா என்ன, யார் தடுப்பது, அப்பாவுக்காக என்றால் யாரும் வாயைத் திறக்க முடியாது... அதுதான் கொஞ்சம் இடிக்கிறது, அப்பாவின் காதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டா மேடையேறுவது, இடிக்கட்டும், முதலில் இந்த டி ஒழுங்காக விழட்டும்.

கைபேசி அதிர்ந்தது, திரையில் மழைப் பாட்டு மறைந்து அண்ணன் வந்தான், எடுக்காமல் விட்டுவிடலாமா, எடுத்தாள். "சாப்பிட்டியா?" என்றான், பதிலுக்குக் காத்திருக்கவில்லை, "நிகழ்ச்சி வரிசை போட்டாச்சு, நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்து ஒரு குழுப்பாட்டு, நீ பின்வரிசையில நின்னுக்கோ, பழையபடிதான்," என்றான். "பழையபடின்னா?" என்று கேட்டாள். "அதான், உனக்குத் தெரியுமே..." குரலில் சிரிப்பு எட்டிப்பார்த்தது, விருந்துகளில் எட்டிப்பார்க்கும் அதே சிரிப்பு. "தெரியாதுண்ணா, நீயே சொல்லு." சிரிப்பு தயங்கி நின்றது, "என்ன இப்ப, புதுசா," என்றான். அவள் மடியில் கிடந்த கிடாரின் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள், மூச்சு மேலேறாமல் பார்த்துக்கொண்டாள், பேச்சு எங்கே நிற்குமோ அங்கேயே குரல் நின்றது, "நான் பின்வரிசையில நிக்கல, நான் தனியா ஒரு பாட்டுப் பாடப் போறேன், கிடார் வாசிச்சுக்கிட்டே." மறுமுனையில் ஆர்மோனியத்தின் காற்றுப்பை மூடும் சத்தம், பிறகு, "யாரோட கிடார்?" என்றான், இத்தனையிலும் அவனுக்கு முதலில் தோன்றிய கேள்வி அதுதான். "என்னோடதுதான்." அது பொய்யா, இல்லை, இப்போது பொய் இல்லை. "சரி, எந்தப் பாட்டு?" மழைப் பாட்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், உதடு அதற்குத்தான் குவிந்தது, வெளியே வந்தது வேறு, "துடுப்புப் பாட்டு," என்றாள், சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது, இரண்டு நட்சத்திரம், எஃப், வண்டு, எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின, ஆனால் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன், செத்தாலும் மாட்டேன்.

"அதுவா? அது சண்டைக்காரப் பாட்டாச்சே, பிறந்தநாள்ல யாராவது அதைப் பாடுவாங்களா? அது நிக்கிற இடம் தெரியுமா உனக்கு, பழகின தொண்டைக்கே மூச்சு முட்டும்," என்று அண்ணன் வாத்தியார் குரலுக்கு மாறினான். "இறக்கிட்டேன்," என்றாள், இறக்கியது மழைப் பாட்டை, இதையும் இறக்கினால் போகிறது. "எதை?" "கட்டையை. என் தொண்டை எங்க இருக்கோ அங்க இறக்கிட்டேன்." "பாட்டை அப்படியெல்லாம் இஷ்டத்துக்கு இறக்கக் கூடாதும்மா, அதோட அழகே போயிடும்." போகட்டும், என்றாள், அழகாக இருந்து என்ன கண்டது, அவளுக்குப் பக்கத்தில்கூட வராமல் மேலேயே அழகாக இருந்தது. "அப்பாவுக்காகப் பாடறியா? அவருக்கு ஒண்ணும் சரியாக் காதுல விழாது, நீதானே மெஷின் மாட்டிவிட்ட," என்றான், இதற்குப் பதில் அவளிடம் தயாராக இருந்தது, சறுக்குமரம், கீழ் ஒலி, கணீர், வாய் அசைகிறதுதான் தெரியுது என்று அப்பா சொன்னது, அந்த ஒரு வாக்கியத்தை எடுத்து வீசினால் போதும், ஆண்டுவிழாவிலிருந்து இன்றுவரைக்கும் சேர்த்துத் தீர்ந்துவிடும், நாக்கு நுனிவரை வந்தது, அப்பா அவன் மனசு நோகக் கூடாதென்று கை தட்டுகிறவர்... விழுங்கினாள், பயந்து விழுங்கவில்லை, அது அப்பாவின் சொத்து, அதை எடுத்துச் செலவழித்து ஜெயிக்க வேண்டியதில்லை, "அப்பாவுக்காக இல்லண்ணா," என்றாள். "அப்புறம் யாருக்காக?" "எனக்குப் பாடணும். அவ்வளவுதான்." சொல்லி முடித்தபோது காதுமடல் சுட்டது, இந்த வயதில் இதைச் சொல்ல இத்தனை கூச்சமா, பால்காரரிடம் பாலுக்குச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிட வேண்டிய வார்த்தை. "நாலு பேர் முன்னாடி அசிங்கமாயிடும்மா, நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." "ஆனா ஆகட்டும், அசிங்கம் என்னோடதுதானே, அதையாவது என்கிட்ட விடு." அண்ணன் குரல் இறங்கி, "சரி, நான் கீபோர்டுல கூடவே வாசிக்கிறேன், எங்கயாவது தப்பாச்சுன்னா மூடி மறைச்சிடலாம்," என்றான். "வேண்டாம்." "அப்ப நான் என்ன பண்றது?" என்று கேட்டான், கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாத குரல், ஒரு பாட்டு நடக்கும்போது அதைத் திருத்தாமல், மூடாமல், தூக்கிப்பிடிக்காமல் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பது எப்படி என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது, "கேளுண்ணா," என்றாள், கடுமையாகத்தான் சொல்ல நினைத்தாள், அத்தனை கடுமையாக வரவில்லை. "பார்க்கலாம்," என்று அண்ணன் வைத்துவிட்டான், பார்க்கலாம் என்றால் சரி என்றா, ஞாயிற்றுக்கிழமை மைக்கைக் கொடுக்க மாட்டேன் என்றா, கொடுக்காவிட்டால் போகட்டும், அவள் குரலுக்கு மைக் எதற்கு.

துடுப்புப் பாட்டைத் திரையில் திறந்தாள், கழித்தல், கழித்தல், கழித்தல், எங்கே இறக்கினாலும் எஃப் ஏதாவது ஒரு மூலையில் வந்து நின்றுவிடுகிறது, வாடகைக்கு வீடு பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் அதே எதிர்வீட்டுக்காரர் மாதிரி, நில்லு, நின்னுக்கோ, உனக்குப் பயந்து இனிமேல் பாட்டை மாற்றுவதாக இல்லை... கதவு திறந்தது, முன்மேசையில் உட்கார்ந்து பில் போடுகிற பெண்மணி, இருவரும் பல வருஷம் ஒரே கடையில் டீ குடித்தவர்கள், எட்டிப்பார்த்தாள், "அக்கா, டெஸ்ட்டுக்கு வரச் சொன்ன அந்த வெல்டர் வந்துட்டாரு, நீங்க இன்னும் சாப்பிடவே இல்லையா... ஐயோ, இது என்ன மடியில?" "பார்த்தாத் தெரியலையா, அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லு, கதவைச் சாத்தாத." "சாத்தாம இருந்தா வெளிய எல்லாருக்கும் கேட்குமேக்கா." "கேட்கட்டும்." அந்தப் பெண்மணி போகிற போக்கில் நாற்காலி ஒன்றைக் காலால் தள்ளிவந்து கதவு மூடிக்கொள்ளாதபடி முட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள், ஒன்றும் கேட்கவில்லை, நல்லவள்.

ஏ மைனர், ஜி, தொடங்கினாள், முதல் வரி நுரைப்பஞ்சில் கொஞ்சம் விழுந்தது, கொஞ்சம் கதவு வழியாக வெளியே போனது, போனது கடையின் பளிங்குத் தரையிலும் கண்ணாடி அலமாரியிலும் பட்டுத் திரும்பி வந்தது, யாரது, என்று ஒரு நொடி நிஜமாகவே திடுக்கிட்டாள், வேறு யாரோ ஒரு பொம்பளை, தடித்த, அவசரமில்லாத குரல், அடித்தொண்டையில் கொஞ்சம் மணல், இத்தனை நாள் இந்த அறைக்குள் பாடியபோது இது தெரியவில்லை, இங்கே குரல் போகும், வராது, வந்தால்தானே தெரியும்... வெளியே வெல்டர் சத்தமாகப் பேசுவது கேட்டது, காது மந்தமானவர்கள் பேசுகிற சத்தத்தில், "ஏம்மா, டெஸ்ட்டு ஆரம்பிச்சிட்டாங்களா? எனக்குக் கேட்குது! பொத்தான் எங்க, யாரும் கொடுக்கலையே!" பில் போடுகிறவள் சிரிக்கிற சத்தம், உஷ் உஷ் என்று அவரை அடக்குகிற சத்தம், அவளுக்கும் சிரிப்பு முட்டியது, சிரிப்போடேயே இரண்டாவது வரிக்குள் இறங்கினாள், கோபமான வரி சிரிப்போடு வந்தது, கெட்டுப்போகவில்லை, இன்னும் கொஞ்சம் துணிச்சலாகத்தான் இருந்தது, கரை ரெண்டும் நீயே எடுத்துக்கோ... எஃப் வருகிறது, இதோ, ஆள்காட்டி விரலைப் படுக்கப்போட்டு அமுக்கினாள், விழவில்லை, இரைந்தது, நாலாவது கம்பி செத்துக் கிடந்தது, முழுக்கடைக்கும் கேட்கிற இரைச்சல், புளித்ததை வாயில் வைத்த முகம் ஒன்று கண்முன் எழுந்து வரும் என்று காத்திருந்தாள், துடுப்பு மட்டும் எனக்கு என்று வாய் பாடிக்கொண்டே போனது, கை அடுத்த கார்டுக்கு மாறியிருந்தது, மாறியதை அவள் கவனிக்கவில்லை, நிறுத்தவில்லையே என்பதே அதற்கடுத்த வரிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது, இத்தனை வருஷமும் இந்தக் குரல் மற்றவர்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதிலேயே போய்விட்டது, அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை, இப்போது கேட்டுப் பார்த்தாள், பிடித்திருக்கிறதா... தெரியவில்லை, சட்டென்று சொல்லத் தெரியவில்லை, இன்னொரு முறை பாடினால் தெரியலாம், வெளியே வெல்டர் காத்திருந்தார், அவள் முதல் கார்டுக்கு விரலைத் திரும்பக் கொண்டுபோனாள்...